அணையில் மீனுக்கு வழி இருக்கா? காவிரிக் கரைக்கு வந்த ராணுவ டாக்டர்... யார் இந்த ஃபிரான்சிஸ் டே?

திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக். ஸ்ரீரங்கம் தீவின் மேற்கு முனையில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடம். 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. தஞ்சை டெல்டாவின் வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது. இது நாம பாடப் புத்தகத்தில் படித்த கதை.

படிக்காத கதை ஒன்று இருக்கு. அணை வந்ததும் மீனுக்கு என்ன ஆச்சு?

இந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் எழுப்பியது யார் தெரியுமா? அணை கட்டிய அதே காட்டன்தான். ஓய்வுக்குப் பிறகு, 1867-ல், இந்திய ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன்வளம் கெடுகிறதா என்று பார்க்கச் சொல்லி லண்டனில் இருந்த இந்தியா அமைச்சருக்கு எழுதினார். அதற்குப் பதில் தேடும் வேலை ஒரு ராணுவ டாக்டரிடம் போனது. அவர்தான் ஃபிரான்சிஸ் டே.

மருத்துவம் படித்தவருக்கு மீன் மேல் என்ன ஆசை?

1829-ல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர் டே. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் படித்துவிட்டு, 1852-ல் மதராஸ் ராணுவத்தில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். பர்மா போர், பிறகு தென்னிந்தியாவில் பல ஊர்கள் என்று வேலை ஓடியது.

திருப்பம் கொச்சியில் நடந்தது. அங்கே பணியில் இருந்தபோது அந்த நாட்டின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதி 1863-ல் வெளியிட்டார். கூடவே மீன் சேகரிக்க ஆரம்பித்தார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதே ஆண்டு அவர் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஒரு மீனுக்கு, அப்போதைய மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். இன்றைக்கு மீன் தொட்டிக் கடைகளில் மிஸ் கேரளா என்று விற்கிறதே, சிவப்புக் கோடு போட்ட மீன், அதுதான்!

அதே 1860-களில் இன்னொரு முயற்சியும் செய்தார். நீலகிரியில் தூண்டில் போடும் ஆங்கிலேயர்களுக்கு டிரவுட் மீன் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கப்பலில் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் நிலைத்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதைப் பார்க்க டே உயிரோடு இல்லை.

உல்லம் எதற்கு ஆறு ஏறுகிறது?

இப்போ கொள்ளிடத்துக்கு வருவோம். வங்காளிகள் இலிஷ் என்றும், கோதாவரிக்காரர்கள் புலசா என்றும் கொண்டாடும் ஹில்சாவுக்கு நம்ம ஊர் பெயர் உல்லம். வாழ்க்கை கடலில், முட்டை நன்னீரில். புதுவெள்ளம் கடலைத் தொட்டதும், அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக ஆற்றில் ஏறும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் என்பதால் தூண்டிலுக்கு அவ்வளவாகச் சிக்காது. வலைதான்.

கொள்ளிடத்தில் ஏறும் உல்லத்துக்கு முதல் தடை அணைக்கரையில். அதைத் தாண்டினால்தான் முக்கொம்பு. சால்மனைப் போல உயரத் தாவும் மீனும் இல்லை இது. அணையின் அடியில் கூட்டமாக முட்டி மோதி நிற்கும். அங்கே வலை போட்டால் போதும், முட்டையோடு தாய் மீன்கள் மொத்தமாக வந்துவிடும். டே முக்கியமாகக் கவலைப்பட்டது இதற்குத்தான். அணை மீனை நேரடியாகக் கொல்லவில்லை, ஆனால் கொல்வதற்கு வசதியாக ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்தது. மீன் ஏறிப்போக அணையில் வழி வைக்க வேண்டும், அணையை ஒட்டி மீன் பிடிப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

1871-ல் அவர் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1873-ல் இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்கள் பற்றிய பெரிய அறிக்கையைக் கொடுத்தார். கண்ணி சிறிதான வலைகள், வயல் வாய்க்கால்களில் குஞ்சுகளை அள்ளும் பொறிகள், தண்ணீரில் விஷம் கலப்பது, அணைகள் என எல்லாமே அதில் வந்தன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். பொடி வலை வைத்திருந்தவர் ஏழை. அணை வைத்திருந்தது அரசாங்கம். சட்டம் போட்டால் யார் மேல் முதலில் பாயும் என்பது அன்றைய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது, அதனால் பலர் தயங்கினார்கள். உள்ளூர் மீனவர்களை அழிப்பவர்களாகவே பார்க்கும் காலனிய கண்ணாடி டேயிடமும் இருந்தது. ஆனாலும், தன் சம்பளத்தைக் கொடுக்கும் அரசின் அணைகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் என்பதை மறுக்க முடியாது.

தூண்டில் முள் வரைக்கும் வந்த கேள்வி

டே அறிக்கை கொடுத்த அதே 1873-ல், மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் மங்களூரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய அந்த நூல் இந்த ஆட்டக்காரர்களுக்கு இன்றும் வேதம் மாதிரி. தாமஸும் மீன்வளம் அழிவதைப் பற்றி அரசுக்கு எழுதியவர்தான். பிடிப்பதில் ஆசை இருந்தால் இனம் பெருகுவதிலும் அக்கறை வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

இன்றைய கடல் தூண்டில்காரர்களிடம் இதன் தொடர்ச்சி வட்ட முள். முனை வெளியே பார்க்காமல் தண்டை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். இரையை மீன் விழுங்கினாலும், நூல் இழுபடும்போது முள் குடலில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். விடுவித்தால் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அட்லாண்டிக்கில் மயில்மீன் வகைகளுக்கான போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்ட முள் கட்டாயம் என்று அமெரிக்கா 2008-லிருந்து விதி வைத்திருக்கிறது.

பிளாஸ்டிக், உலோகத்தில் செய்த செயற்கை இரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏன்னா அதை மீன் பாய்ந்து கவ்வும், பெரும்பாலும் விழுங்காது. அங்கே பிரச்சினை, இரையில் தொங்கும் மூன்று முனை முள். ஒரே நேரத்தில் பல இடத்தில் குத்தும், கண்ணைக் கிழிக்கும், கழற்ற நேரம் ஆகும். அதனால் ஒற்றை முள்ளுக்கு மாறுபவர்கள் உண்டு. சிலர் வட்ட முள்ளையும் மாட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் வட்ட முள்ளுக்கு வெடுக்கென்று சுண்டக் கூடாது, நிதானமாக இழுக்கணும். செயற்கை இரையைக் கவ்விய மீனோ, பொய் என்று தெரிந்த நொடியே துப்பிவிடும். அதனால் நழுவும் மீன்களும் அதிகம்.

காவிரி மீன் சிட்னிக்குப் போன கதை

டேயின் பெரிய வேலை 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த இந்திய மீன்கள் என்ற நூல். சுமார் 1,400 இனங்கள், கூடவே துல்லியமான படங்கள். இன்றைக்கும் ஒரு மீனின் பெயரில் சந்தேகம் வந்தால் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் இது.

ஆனால் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவை வைத்திருந்த ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் வேலையில் மற்றவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்த மோதலுக்கு நடுவில், 1883-ல் தன் மீன் மாதிரிகளில் பெரும் பங்கை சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு டே விற்றுவிட்டார். நம்ம ஆறுகளில் பிடித்த மீன்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரேலியா வரை போக வேண்டியிருப்பது இதனால்தான்.

1877-ல் ஓய்வு பெற்று செல்ட்டன்ஹாம் நகரில் குடியேறிய டே, 1889 ஜூலை 10-ம் தேதி புற்றுநோயால் இறந்தார். இந்திய மீன்வளச் சட்டம் வந்தது 1897-ல். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலை, பொறிகளுக்கு மாகாண அரசுகள் விதி போடலாம் என்றது.

அணை? பின்னாளில் மதராஸ் மீன்வளத் துறை கீழணைப் பக்கம் உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. காவிரியின் புதுவெள்ளமே பூட்டுக்குள் போனதும் உல்லத்தின் பயணம் சுருங்கிவிட்டது. கங்கையில் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை திறந்தபிறகு அலகாபாத் வரை ஏறிய ஹில்சாவுக்கும் இதே கதி.

2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்று எல்லா சேனல்களும் அன்று பதறின, நாங்களும்தான். பழைய அணைக்குப் பக்கத்திலேயே இப்போது புது கதவணை நிற்கிறது.