தொட்டிலை ஆட்டியது யார்?

வேலைக்குப் போகும் பெண்ணால் பிள்ளையை ஒழுங்காக வளர்க்க முடியாது என்று பேசுவோர் இன்றும் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களோடு வாதாட நாம் விரும்பவில்லை. மேரி க்யூரி அம்மையாரின் வாழ்க்கையை அவர்கள் முன் வைக்கிறோம்.

அம்மையார் 1867இல் போலந்து நாட்டு வார்சா நகரில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். ஜார் ஆட்சியின் கீழிருந்த அந்நகரில் பெண்களுக்குப் பல்கலைக் கழகத்தின் கதவு திறக்கவில்லை. அக்காள் பாரிசில் மருத்துவம் படிப்பதற்காக, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் அனுப்பினார். 1891இல்தான் தாமும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பவுதிகத்திலும் கணிதத்திலும் பட்டம் பெற்றார். 1895இல் விஞ்ஞானி பியேர் க்யூரியை மணந்தார்.

1897 செப்டம்பரில் ஐரீன் பிறந்தாள். அதே மாதத்தில் மாமியார் மறைந்தார். மாமனார் யூஜின் க்யூரி ஒரு மருத்துவர். முதிய வயதில் மகன் வீட்டுக்கு வந்து, பேத்தியை வளர்க்கும் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக் கொண்டார். ஆம், தோழர்களே! மருமகள் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்று தொட்டிலை ஆட்டினார் மாமனார்!

அந்த ஆய்வுக்கூடம் மாளிகையா? ஒழுகும் கூரையுடைய பழைய கொட்டகை! குளிர்காலத்தில் நடுக்கம், கோடையில் புழுக்கம். கொதிக்கும் கலவையைத் தம் உயரமுள்ள இரும்புத் தடியால் நாள் முழுதும் கிளறினார் அம்மையார். ஆலைத் தொழிலாளிக்கு அந்த உழைப்பு எத்தகையது என்று நாம் சொல்லத் தேவையில்லை. மாலையில் வீடு திரும்பிக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பார். பிறகு மீண்டும் ஏட்டைப் புரட்டுவார். ஆராய்ச்சிக்கு ஒரு குறிப்பேடு. மகளின் எடையையும் முளைத்த பல்லையும் எழுத இன்னொரு குறிப்பேடு!

1898இல் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டன. டன் கணக்கான தாதுக் கழிவிலிருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுக்க 1902 வரை ஆயிற்று. 1903இல் கணவரோடும் பெக்கரலோடும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். அதே ஆண்டில்தான் வயிற்றிலிருந்த ஒரு குழந்தையையும் பறிகொடுத்தார். பரிசை நினைப்போர் அந்தத் துயரையும் நினைக்க வேண்டும். 1904இல் இரண்டாம் மகள் ஈவ் பிறந்தாள்.

1906 ஏப்ரல் 19. வீதியில் சென்ற பியேர், குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி மாண்டார். மூத்தவளுக்கு வயது எட்டு, இளையவள் கைக்குழந்தை. அரசு தர முன்வந்த உதவித் தொகையை அம்மையார் ஏற்கவில்லை. கணவர் பாடம் நடத்திய மேடையிலே நின்று பாடம் நடத்தினார். சோர்போனில் பேராசிரியப் பணியாற்றிய முதல் பெண் அவரே. மகனை இழந்த பின்னும் மாமனார் மருமகளைவிட்டு அகலவில்லை. 1910இல் தாம் இறக்கும் வரை பேத்திகளுக்குத் துணையாக இருந்தார்.

1911இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அம்மையாரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது! முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக எக்ஸ்ரே வண்டிகளை ஏற்பாடு செய்தார். உடன் உழைத்தவள் மகள் ஐரீன். 1934இல், ஆண்டுக்கணக்கில் உடலில் பாய்ந்த கதிர்களின் தீங்கால் அம்மையார் மறைந்தார். மறு ஆண்டே ஐரீன் தன் கணவருடன் நோபல் பரிசு பெற்றாள். ஈவ் தாயின் வரலாற்றை நூலாக எழுதினாள். பிள்ளைகள் கெட்டா போயினர்?

அம்மையார் பிள்ளைகளைக் கவனிக்கச் செவிலியரையும் அமர்த்தியிருந்தார். நம் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை, ஒப்புக் கொள்கிறோம். ஆனால் மாமனார் தந்த உதவிக்குக் காசு தேவைப்படவில்லையே! மனம் ஒன்றே தேவைப்பட்டது. எந்தப் பரிசுப் பத்திரத்திலும் அந்த முதியவரின் பெயர் இல்லை. எனினும் அவர் இன்றி அந்தக் கொட்டகையில் அடுப்பு எரிந்திருக்குமா?

வேலை முடிந்து வீடு திரும்பும் தோழர்களே! உங்கள் மனைவியோ மகளோ மருமகளோ படிக்க வேண்டும், பணிக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பிள்ளையை யார் பார்ப்பது என்று அவளைக் கேட்காதீர்கள். நாம் பார்த்துக் கொள்கிறோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்!