வேரிலிருந்து மரம் வரைந்தவர்
ஓவியர் நந்தலால் போஸ் வாழ்க்கைக் கதை

தினமும் பஸ்சுக்குக் காத்து நிற்கிறோம். நிற்கும் இடத்தில் ஒரு மரம் இருக்கிறது. வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்குகிறோம். மழை வந்தால் அதன் அடியில் ஓடி நிற்கிறோம். ஆனால் அது என்ன மரம் என்று யாராவது கேட்டால், பத்து வருடம் அங்கே நின்றவருக்கும் பதில் சொல்ல வராது.

வங்காளத்தில் ஒரு சித்திர ஆசிரியர் இருந்தார். மரத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அது எப்படி நிற்கிறது, காற்று வந்தால் எப்படி வளைகிறது, எந்த மாதத்தில் இலை உதிர்க்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகே பென்சிலைத் தொட வேண்டும் என்று மாணவர்களிடம் கண்டிப்பாக இருந்தார். அவர்தான் நந்தலால் போஸ். நமது அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரித்தவர்.

பரீட்சையில் தோல்வி

நந்தலால் பிறந்தது 1882-ம் ஆண்டு டிசம்பர் 3-ந்தேதி. பீகாரில் முங்கேர் மாவட்டத்தைச் சேர்ந்த கரக்பூர் என்னும் ஊர். வங்காளிக் குடும்பம், பிழைப்புக்காகப் பீகாரில் இருந்தது. தகப்பனார் பூர்ண சந்திர போஸ், தர்பங்கா மகாராஜாவின் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார். ஆகவே நந்தலாலும் நம்மைப்போல வெளிமாநிலத்தில் வளர்ந்த பிள்ளைதான்!

தாயார் சேத்ரமணி தேவி கைவேலையில் கெட்டிக்காரி. பொம்மை செய்வார், துணியில் பூ வேலை செய்வார். அதைப் பார்த்துப் பார்த்துச் சிறுவனும் களிமண்ணைப் பிசைந்து பொம்மை செய்யப் பழகினான். ஊர்க் குயவர்கள் துர்க்கை சிலை செய்யும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். சிறு வயதிலேயே தாயை இழந்தான்.

பதினைந்து, பதினாறு வயதில் கல்கத்தாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு எப்படியோ முடிந்தது. 1903-ல் திருமணமும் நடந்தது. மனைவி பெயர் சுதிரா தேவி. ஆனால் கல்லூரிப் படிப்பு ஏறவில்லை. பரீட்சையில் தோற்றார். கல்யாணம் ஆனவன், ஒரு வேலைக்குப் போக வேண்டாமா? வணிகப் படிப்பு படித்தால் கணக்கு எழுதும் உத்தியோகமாவது கிடைக்கும் என்று வீட்டார் நினைத்தார்கள். 1905-ல் அதிலும் சேர்த்தார்கள். அங்கேயும் தோல்விதான்.

கடைசியில் வீட்டாரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படம் வரைந்து குடும்பம் நடத்த முடியும் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பரீட்சையில் பலமுறை தோற்ற 23 வயது இளைஞனின் பேச்சை நம்பிச் சம்மதித்த அந்தக் குடும்பத்தாரைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

அங்கே அவருக்குக் கிடைத்த குரு அவனீந்திரநாத் தாகூர். கவி ரவீந்திரநாத் தாகூரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் நம் நாட்டு முறையில் வரைய வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தியவர். நந்தலாலின் படம் ஒன்றுக்கு 1908-ல் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. நந்தலால் அதை வைத்து நாட்டின் பழைய கோவில்களையும் சிற்பங்களையும் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெங்களூர்க்காரர் கூட்டாளி

1909-ம் ஆண்டு முடிந்து 1910 பிறக்கும் சமயம். ஹெர்ரிங்காம் என்ற ஆங்கிலேய மாது அஜந்தா குகைச் சித்திரங்களைப் பிரதி எடுக்க வந்திருந்தார். அவருக்கு உதவியாகப் போன இளைஞர்களில் நந்தலால் ஒருவர். இன்னொருவர் மைசூர் சமஸ்தானத்திலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்கப் போயிருந்த வெங்கடப்பா. பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டில் அவர் பெயரில் ஓவியக் கூடம் இருக்கிறதே, அதே வெங்கடப்பாதான். அந்த வழியாக வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் எத்தனையோ பேர். உள்ளே போனவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

குகையின் இருட்டில், சிதைந்துபோன சுவர்களின் முன் உட்கார்ந்து பிரதி எடுத்தார்கள். அரசர்களும் தேவர்களும் மட்டும் அந்தச் சுவர்களில் இல்லை. வாழை இலையும், பாக்கு மரமும், தாமரைக் கொடியும், குரங்கும், யானையும் மனிதர்களோடு சரிசமமாக இருந்தன. பின்னாளில் நந்தலால் வரைந்த படங்களைப் பார்த்தால், அந்தக் குகைப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை என்பது தெரியும்.

இரண்டு தாகூர்களின் நடுவில்

ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் 1919-ல் கலாபவனம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் அங்கே வர வேண்டும் என்று விரும்பினார். அவனீந்திரநாத்துக்கோ தன் தலைசிறந்த மாணவனைக் கல்கத்தாவிலிருந்து விட மனம் இல்லை. சிறிய தகப்பனாரும் அண்ணன் மகனும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள்! நந்தலால் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். குருவின் மனம் புண்படுமே என்ற வேதனை அவருக்கு இருந்தது. ஆனாலும் கடைசியில் கிராமத்தையே தேர்ந்தெடுத்தார். 1922-ல் கலாபவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1951-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

கல்கத்தாவில் இருந்தால் பெயரும் பணமும் வந்திருக்கும். சாந்திநிகேதனில் என்ன இருந்தது? செம்மண் மேடு. மழைத் தண்ணீர் அரித்த பள்ளங்கள். அந்தப் பள்ளங்களை ‘கோவாய்’ என்பார்கள். சற்றுத் தள்ளிக் கோபாய் ஆறு. சுற்றிலும் சந்தால் பழங்குடி மக்களின் குடிசைகள். அப்புறம் மரங்கள்!

நம் ஊர்க்காரர் அங்கே போனால் பாதி மரங்களை அடையாளம் கண்டுகொள்வார். வரப்பில் நிற்பது பனை. வங்காளிகள் ‘மகுவா’ என்பது நம் இலுப்பைக்கு நெருங்கிய உறவு. ‘சிமுல்’ என்பது செந்நிறப் பூ பூக்கும் இலவு. ‘பலாஷ்’ என்று அவர்கள் கொண்டாடுவது நம் புரசு. சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மரம். ‘சாத்திம்’ என்பது ஏழிலைப்பாலை. ரவீந்திரநாத்தின் தந்தை தேவேந்திரநாத் அந்த மரத்தடியில் தியானம் செய்ததால்தான் சாந்திநிகேதனே உண்டாயிற்று. பட்டம் பெறும் மாணவர்களுக்கு ஏழிலைப்பாலையின் இலையைக் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம்.

வெளிநாட்டுப் பூச்செடியோ, பங்களாத் தோட்டமோ நந்தலாலின் கண்ணை இழுக்கவில்லை. அந்த மண்ணில் தானாக முளைத்த மரம்தான் அவருக்குப் பாடப் புத்தகம்.

பாடம் நடந்த விதம்

மாணவர்களை வெளியே அனுப்புவார். ஒரு மரத்தின் முன் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார். காலையில் பார்க்க வேண்டும்; உச்சி வெயிலில் பார்க்க வேண்டும்; மாலையிலும் பார்க்க வேண்டும். பிறகு திரும்பி வந்து, மனதில் நின்றதை வரைய வேண்டும். மனதில் நிற்காதது படத்துக்குத் தேவை இல்லை என்பது அவர் கணக்கு.

இன்னொரு விதியும் உண்டு. மரத்தை மேலிருந்து கீழே வரையக்கூடாது. தரையில் தொடங்கி மேலே போக வேண்டும். மரம் ஆகாயத்திலிருந்து இறங்கி வருவதில்லை, வேரிலிருந்து எழுந்து போகிறது. ஆகவே கோடும் அப்படித்தான் எழுந்து போக வேண்டும் என்று விளக்குவார். 1940-ல் கலாபவனத்தில் சேர்ந்த ஒரு மாணவர் இதைக் கடைசிவரை மறக்கவில்லை. அவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் சத்யஜித் ரே.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு தாளை எடுத்து இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள். மேலிருந்து இழுத்த மரம் தொங்கும். கீழிருந்து இழுத்தது நிற்கும்.

கையில் எப்போதும் சிறு அட்டைகள் வைத்திருப்பார். தபால் கார்டு அளவு. நடந்து போகும்போதும், ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் கண்ணில் பட்டதை அதில் வரைந்துவிடுவார். வளைந்த பனை, இலை உதிர்ந்த கிளை, மரத்தடியில் படுத்த ஆடு என்று ஆயிரக்கணக்கில் வரைந்தார். பல அட்டைகள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதமாகவே போய்ச் சேர்ந்தன. அவருடைய பெரிய ஓவியங்களைவிட இந்தக் கார்டுகள்தான் உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். நான்கே கோட்டில் ஒரு பனை காற்றோடு மல்லுக்கு நிற்கும்!

1928-ல் தாகூர் சாந்திநிகேதனில் மரம் நடுவதை ஒரு திருவிழாவாகவே தொடங்கிவைத்தார். விழாவின் அலங்காரம் நந்தலாலின் பொறுப்பு. ஊரில் கிடைக்கும் பூவும் இலையும் மாக்கோலமும்தான் ஜோடனை. தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய ‘சகஜ பாட்’ என்ற பாடப் புத்தகத்துக்கு 1930-ல் அவர் செய்து கொடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், தலைமுறை தலைமுறையாக வங்காளக் குழந்தைகளின் கையில் இருந்து வருகின்றன.

கண் பார்வை குறைந்த மாணவன்

வினோத் விகாரி முகர்ஜி என்ற பையன் கலாபவனத்துக்கு வந்தான். பிறவியிலேயே அவனுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. ஓவியம் கற்றுக்கொள்ள இவனால் முடியுமா என்று நந்தலால் தயங்கினார். பையனுக்கு ஆர்வம் இருந்தால் படிக்கட்டும், தடுக்க வேண்டாம் என்று தாகூர் சொல்லிவிட்டார். நந்தலால் ஏற்றுக்கொண்டார்.

அந்த மாணவன்தான் 1940-ல் கலாபவன விடுதி ஒன்றின் கூரையில் ஒரு குளத்தையும், அதைச் சுற்றிப் பிர்பூம் மாவட்டத்து மரங்களையும் மனிதர்களையும் மாடுகளையும் வரைந்தான். அண்ணாந்து பார்த்தால் ஒரு கிராமமே தெரியும். 1950-களில் வினோத் விகாரிக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. அப்போதும் அவர் ஓயவில்லை. கையால் தடவிக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தார். குரு தயங்கியது தவறு என்று மாணவர் நிரூபித்துவிட்டார். தயக்கத்தை விட்டு இடம் கொடுத்த குருவுக்கும் அதில் பங்கு உண்டு.

ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி, பாங்குரா மாவட்டத்தில் முடி திருத்தும் தொழில் செய்த குடும்பத்திலிருந்து 1925-ல் வந்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கேரளத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே.ஜி. சுப்பிரமணியன், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றதால் படிப்பு தடைபட்டு, 1944-ல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தவர். வேறு வேறு இடத்தில் முளைத்தவர்களை நந்தலால் ஒரே மாதிரி வெட்டி வளர்க்கவில்லை. மூன்று பேரும் மூன்று விதமாக வளர்ந்தார்கள். அவரைப்போல ஒருவரும் வரையவில்லை.

காந்திஜியின் அழைப்பு

1930-ல் காந்திஜி உப்புக்காகத் தண்டிக்கு நடந்தார். கையில் தடியோடு நடக்கும் அந்த உருவத்தை நந்தலால் கறுப்பு வெள்ளையில் அச்சுப் படமாகச் செய்தார். அது நாடெங்கும் பரவியது.

1936-ல் பைஸ்பூர் கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. பந்தல் நகரத்தை அமைத்துத் தருமாறு காந்திஜி நந்தலாலைக் கூப்பிட்டார். தான் ஓவியன்தான், கட்டிடக்காரன் இல்லையே என்று நந்தலால் தயங்கினார். காந்திஜி விடவில்லை. அந்த ஊரில் கிடைக்கும் பொருளையும், அந்த ஊர் ஆட்களின் கையையும் வைத்தே செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூங்கிலும் கீற்றுமாக ஒரு நகரம் எழுந்தது.

1938-ல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த மாநாட்டுக்கு 80-க்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார். மாணவர்கள் எடுத்த பிரதிகளையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் வரும். மத்தளம் கொட்டுபவர், தச்சர், பஞ்சு அடிப்பவர், மல்லர், குழந்தையை ஏந்திய தாய். எல்லாம் சாதாரண உழைப்பாளிகள்! மண் நிறங்களில் தீட்டி, பந்தலில் வெட்டவெளியில் மாட்டினார்கள். டிக்கெட் இல்லை. மாநாட்டுக்கு வந்த விவசாயிகள் நடந்துகொண்டே பார்த்தார்கள்.

1943-ல் வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் பசியால் மாண்டார்கள். அந்த ஆண்டு நந்தலால், அன்னபூரணியையும் அவள் முன் எலும்புக் கூடாக நிற்கும் சிவனையும் வரைந்தார்.

அரசியல் சட்டத்தின் 22 பகுதிகளின் தொடக்கத்திலும் உள்ள சித்திரங்களை அவரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1954-ல் பத்ம விபூஷண் விருது வந்தது.

கடைசிக் காலம்

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சாந்திநிகேதனை விட்டுப் போகவில்லை. வண்ணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் கறுப்பு மையும் ஒரு தூரிகையும்தான். அந்த மையில் பனை வந்தது, மழை வந்தது, மலைச் சரிவில் பைன் மரங்கள் வந்தன.

1965-ல் பெங்களூரில் வெங்கடப்பா காலமானார். அடுத்த ஆண்டு, 1966 ஏப்ரல் 16-ந்தேதி, கல்கத்தாவில் நந்தலால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 83. அவருடைய படைப்புகள் நாட்டின் கலைச் செல்வம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருப்பதால், அவற்றை வெளிநாட்டுக்கு விற்றுக் கொண்டுபோக முடியாது. தில்லி தேசிய நவீன கலைக் கூடத்தில் அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அவர் பிறந்த நாளை ஒட்டி, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்களில் கலாபவனத்தில் ‘நந்தன் மேளா’ நடக்கிறது. 1973-ல் தொடங்கிய வழக்கம். மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்கள் செய்த பொம்மை, துணி, படம் எல்லாவற்றையும் மரத்தடியில் பரப்பி விற்பார்கள். வசூலாகும் பணம் மாணவர்களின் உதவி நிதிக்குப் போகும். கல்கத்தா ஹவுராவிலிருந்து ரயில் ஏறி, போல்பூரில் இறங்கினால் பக்கம்தான்.