பெயர் சூட்டிய பெருமகன் லின்னேயஸ்

தேயிலையின் நடுவே பிறந்து தேயிலையின் நடுவே வளர்ந்தவர்கள் நாம். நம் மலைகளை விட்டிறங்கி இரத்தினபுரிப் பக்கம் சென்றால், ஈரக் காட்டோரங்களிலே, இலை நுனியில் மூடியிட்ட சிறு கெண்டிகளைத் தாங்கி நிற்கும் விந்தைக் கொடியொன்றைக் காணலாம். சிங்கள மக்கள் அதனைப் பந்துரா என்பர். நாம் குடுவைச் செடி என்போம். கொழுந்து தரும் தேயிலைக்கும் பூச்சி தின்னும் இக்கொடிக்கும் 1753ஆம் ஆண்டில் ஒரே நூலிலே தாவரவியற் பெயர் வழங்கியவர் கார்ல் லின்னேயஸ் என்னும் பேரறிஞர். அன்னார் இலங்கை மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர். அவர்தம் வரலாற்றை இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் சுவீடன் நாட்டுச் சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தையார் கிராமத்துப் போதகர். மகனும் போதகராக வேண்டுமென்பதே பெற்றோர் அவா. மகனுக்கோ பூக்கள் மீதே நாட்டம். இவன் படிப்புக்கு உதவான், கைத்தொழிலில் விடுங்கள் என்று ஆசிரியர்கள் கைவிரித்தனர். றொத்மன் என்னும் மருத்துவ ஆசிரியர் ஒருவரே சிறுவனின் உள்ளத்தை அறிந்து, தம் வீட்டில் வைத்துக் கற்பித்தார். 1728இல் உப்சாலா சர்வகலாசாலை சேர்ந்தபோது வறுமை வாட்டியது. கிழிந்த பாதணிக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தாராம். இதை வாசிக்கையில் நம் லயத்துப் பிள்ளைகள் சிலரின் நினைவு வாராமற் போகாது.

1732இல் வடதிசை லாப்லாந்து முழுவதும் அலைந்து செடிகளை ஆராய்ந்தார். 1735இல் ஒல்லாந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். ஆங்கு கிளிபர்ட் என்னும் செல்வரின் தோட்டத்தைப் பேணி வருகையில், குடுவைச் செடிக்கு நெப்பந்திஸ் என்ற பெயரை இட்டார். கிரேக்கப் புலவர் ஹோமரின் காவியத்திலே துயர் மறக்கச் செய்யும் மருந்துக்கு வழங்கிய பெயர் அது. நெடும்பயணத்தால் நொந்த ஆய்வாளன் இச்செடியைக் கண்டால் பட்ட துயரெல்லாம் மறப்பான் என அவர் எண்ணினார்.

1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கையிலிருந்த போல் ஹெர்மன் திரட்டிய உலர்ந்த செடிகள் பிற்காலத்தில் லின்னேயஸின் கைக்கெட்டின. அவற்றைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவர நூலை அவர் வெளியிட்டார். ஊர் மக்கள் வழங்கிய பந்துரா என்ற பெயரை அவருக்கு முன்னிருந்த பிரேய்ன் என்பவர் 1680இலேயே ஏட்டில் ஏற்றியிருந்தார். லின்னேயஸோ அதனை ஏற்றிலர். 1753இல் நெப்பந்திஸ் டிஸ்டில்லடோரியா என்ற பெயர் நிலைத்தது. ஊர்ப்பெயர் ஏட்டில் மறைந்தாலும் மக்கள் நாவில் இன்றும் வாழ்கிறது.

தேயிலையைச் சுவீடனிலே பயிரிட்டு விடலாம் என்றும் கனவு கண்டார். 1763இல் கப்பற்றலைவர் எக்கபெரி, சீனத்து விதைகளைச் சட்டியிலிட்டு, கப்பலிலேயே முளைக்கச் செய்து கொணர்ந்தார். எனினும் வடநாட்டுக் குளிர் அவ்வாசையை நிறைவேற விடவில்லை.

செடிகளுக்கும் ஆண் பெண் உண்டு என்பதை மெய்ப்பிக்க முனைந்தார். ஒரு வகைப் பூவின் மகரந்தத்தைத் துடைத்துவிட்டு, மற்றொரு வகையின் மகரந்தத்தைத் தூவி விதை பெற்றார். 1759இல் அவ்விதைச் செடிகள் இரு பெற்றோரின் நிறத்தையும் கலந்து பூத்தன. இதே முறையால் குடுவைச் செடியிலும் கலப்பினம் பிறந்தது. இங்கிலாந்துத் தோட்டக்கலைஞர் ஜோன் டொமினி உண்டாக்கிய முதற் கலப்பினம் 1862இல் வெளிவந்தது.

பெரியாரும் பிழை செய்வர். பூச்சி பிடிக்கும் அமெரிக்கச் செடியொன்றைப் பற்றி எல்லிஸ் என்பவர் 1768இல் எழுதியபோது, செடி உயிரை உண்ணும் என்பதை லின்னேயஸ் ஏற்க மறுத்தார். 1874இல் ஜோசப் ஹூக்கர் கெண்டிக்குள் முட்டை வெண்கருவையும் இறைச்சித் துண்டையும் இட்டு, அவை கரைவதைக் கண்டு உண்மையை நிலைநாட்டினார். வளங்குன்றிய மண்ணிலே கிடைக்காத சத்தை, வழுக்கும் விளிம்பில் சறுக்கி விழும் பூச்சியிலிருந்து செடி பெறுகின்றது. லின்னேயஸ் தாம் பெயரிட்ட செடியை அதன் காட்டிலே கண்டதில்லை. நமக்கோ அது ஒரு நாட் பயணத் தொலைவில் நிற்கின்றது!

1778ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் உப்சாலாவில் அப்பெருமகன் மறைந்தார்.

இளைஞர்காள்! குடுவைக் கொடியைக் காணின் வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொணர வேண்டாம். இலங்கைக்கே உரிய செடி அது. உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. அதன் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் மலரும். ஒரு கொடியைப் பிடுங்கினால் மற்றொன்று துணையின்றி விதையற்றுப் போதலும் கூடும். வளர்க்க விரும்புவோர், வளர்ப்போரிடமுள்ள இரு கொடிகளும் பூக்கும் காலத்தில், ஆண் பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையாலெடுத்துப் பெண் பூவிலே தடவி, நூல் போன்ற அச்சிறு விதைகளை ஈரப் பாசியில் தூவிப் பொறுமையோடு காத்திருப்பதே முறை.

படிப்புக்கு உதவான் என்று தள்ளப்பட்ட சிறுவன் பயிருலகுக்கே பெயர் சூட்டினான். நம்மிடையேயுள்ள சிறுவர் எவரையும் அங்ஙனம் தள்ளாதிருப்பது முதியோர் கடன். கண்ணெதிரேயுள்ள செடியை உற்று நோக்குவது இளையோர் கடன்.