மருந்துக் குப்பியின் பிடியில்: கவிஞர் பிரான்சிஸ் தாம்சன்



'விண்ணக வேட்டைநாய்' என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தியானப் பிரசங்கங்களில் நீங்கள் கேட்டிருக்கலாம். தப்பி ஓடும் ஆத்துமத்தைச் சர்வேசுரன் விடாமல் பின்தொடர்வதைப் பாடும் கவிதை அது. அதை இயற்றிய பிரான்சிஸ் தாம்சனுடைய வாழ்நாளில் பாதிக்கு மேலானதை ஒரு மருந்துக் குப்பி விழுங்கிவிட்டது என்பதைப் பிரசங்கிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அவர் 1859-ம் வருஷம் டிசம்பர் மாதம் இங்கிலாந்திலுள்ள பிரெஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் சார்லஸ் ஒரு வைத்தியர், மனந்திரும்பிக் கத்தோலிக்கரானவர். பையன் குருவாக வேண்டுமென்று 1870-ல் அஷா கல்லூரிக்கு அனுப்பினார்கள். எந்நேரமும் கனவு கண்டுகொண்டிருக்கிற அவருக்கு அந்த அந்தஸ்து ஏற்றதல்லவென்று 1877-ல் மேலதிகாரிகள் வீட்டுக்குத் திருப்பியனுப்பிவிட்டார்கள். பிறகு தகப்பனார் தம் தொழிலையே படிக்கும்படி மான்செஸ்டரில் சேர்த்தார். மகன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை; ஆனால் பாடசாலைக்கென்று புறப்பட்டு நூல்நிலையங்களில் உட்கார்ந்துவிடுவார். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. பரீட்சைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றார். வீட்டில் மனம் திறந்து பேசியிருந்தால் இந்தச் சரித்திரமே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் 1879-ல் அவர் நோயில் விழுந்தார். லாடனம் என்ற மருந்தை அவர் முதன்முதல் ருசித்தது அந்த நோயிலேதான் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் கருதுகிறார்கள். அபினியைச் சாராயத்தில் கரைத்து எடுப்பதே லாடனம். இருமல், பல்வலி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் அக்காலத்தில் அதுவே கைமருந்து. 1868-ம் வருஷச் சட்டத்தின்படி குப்பியில் விஷம் என்று சீட்டு ஒட்டி மருந்துக்கடைக்காரர் விற்கவேண்டும், அவ்வளவே. வைத்தியர் சீட்டுக்கூடத் தேவையில்லை. அந்த நாட்களில் அவருடைய தாயார் அன்போடு பரிசளித்த புத்தகம் ஒன்றும் உண்டு. அபினிக்கு அடிமைப்பட்ட தாமஸ் டி குவின்சி தம் கதையைத் தாமே எழுதிய நூல் அது. பாவம், அந்தத் தாய் என்ன கண்டாள்! 1880 டிசம்பரில் அவளும் இறந்துபோனாள்.

இந்த மருந்து செய்கிற வேலையைக் கவனியுங்கள். முதலில் வலியும் கவலையும் அடங்கும். சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகி, அதே அமைதிக்கு இன்னும் அதிகம் கேட்கும். நிறுத்தினாலோ வியர்வை, குடைச்சல், கழிச்சல், தூக்கமில்லாத இராத்திரிகள். சுகத்துக்காக அல்ல, இந்த வேதனைக்குப் பயந்தே மறுபடி குப்பியை எடுப்பார்கள். நம் காலத்தில் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் கடுமையான வலி மாத்திரைகள் சிலவும் இதே வகையைச் சேர்ந்தவையாதலால், அளவைக் கூட்டுவதையும் திடீரென்று நிறுத்துவதையும் வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது.

நிற்க. 1885 நவம்பரில் தாம்சன் வீட்டைவிட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். தீக்குச்சி விற்றார், வண்டிகளைக் கூப்பிட்டுவிட்டுக் காசு வாங்கினார், தேம்ஸ் நதிக்கரையில் படுத்தார். கிடைத்த காசு மருந்துக்கடைக்குப் போயிற்று. தகப்பனார் வாரந்தோறும் அனுப்பிய சிறு தொகையைப் போய் வாங்கும் வழக்கமும் நின்றுபோயிற்று. மக்மாஸ்டர் என்ற பாதரட்சை வியாபாரி அவரைத் தெருவில் கண்டு வேலை கொடுத்தார். பழைய கணக்குப் புத்தகங்களையும் எழுதுவதற்குத் தந்தார். அங்கேயும் சில மாதங்களே நிலைத்தார். மறுபடி தெருவுக்கு வந்தபோது, உடலை விற்றுப் பிழைத்த ஏழைப் பெண்ணொருத்தி இரங்கித் தன் அறையில் இடமும் உணவும் கொடுத்தாள். அவள் பெயரை அவர் ஒருநாளும் வெளியிடவில்லை.

1887 பிப்ரவரியில் தாம்சன் ஒரு கட்டுரையையும் சில கவிதைகளையும் 'மெர்ரி இங்கிலாண்ட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகைக்கு அனுப்பினார். தாள்கள் அழுக்காயிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். விலாசம் ஒரு தபாலாபீஸ். ஆசிரியர் வில்பிரட் மெய்னெல் மாதக்கணக்கில் அதைப் பிரிக்கவில்லை. பிரித்துப் படித்து வியந்தபோது ஆளைக் காணோம். 1888 ஏப்ரலில் ஒரு கவிதையைப் பிரசுரித்துப் பார்த்தார். அதைக் கண்டு தாம்சன் கடிதம் எழுதினார். அதிலிருந்த விலாசம் ஒரு மருந்துக்கடை! அங்கே அவருக்கிருந்த கடனை மெய்னெல் தீர்த்தார். கடைசியில் காரியாலயத்துக்கு வந்தவருடைய கோட்டுக்குள் சட்டை இல்லை; கிழிந்த பாதரட்சைக்குள் வெறுங்கால். இதையறிந்த அந்தப் பெண், தன் சிநேகிதம் இனி அவருக்குக் கெடுதலாகும் என்று எண்ணி எங்கேயோ மறைந்துவிட்டாள். அவர் தேடித் திரிந்தும் பயனில்லை.

மெய்னெலும் அவர் மனைவி ஆலிஸும் தாம்சனை முதலில் வைத்தியத்துக்கு விட்டு, 1889-ல் சசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஸ்டாரிங்டன் என்ற ஊரிலுள்ள அர்ச். நார்பர்ட் சபை மடத்துக்கு அனுப்பினார்கள். அபினியை விட்ட உடம்பு பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனால் மருந்து மங்கவைத்திருந்த கவித்திறன் அங்கேதான் விழித்தது. சூரிய அஸ்தமனத்தைப் பற்றிய பெரிய கவிதையும், கவிஞர் ஷெல்லியைப் பற்றிய கட்டுரையும் அங்கே பிறந்தன. வேட்டைநாய்க் கவிதை 1890-ல் வெளிவந்தது. 1893-ல் முதல் நூல்.

ஆனாலும் ஒரே வெற்றியோடு காரியம் முடிந்துவிடவில்லை. லண்டனுக்குத் திரும்பியதும் குப்பியும் திரும்பியது. 1892 கடைசியில் வேல்ஸ் நாட்டில் பாண்டசாப் என்னுமிடத்திலுள்ள கப்புச்சின் மடத்தண்டை அனுப்பினார்கள். அங்கே மறுபடி விட்டார். ஏறக்குறைய நாலு வருஷம் இருந்து எழுதினார். லண்டனில் கழிந்த கடைசி வருஷங்களில் லாடனம் மீண்டும் பிடித்துக்கொண்டது. க்ஷயமும் சேர்ந்தது. அந்த வருஷங்களிலும் நூற்றுக்கணக்கான புத்தக மதிப்புரைகளும், அர்ச். இஞ்ஞாசியார் சரித்திரமும் எழுதினார் என்றால் நம்பமுடிகிறதா?

மெய்னெல் குடும்பத்தார் ஒருதரமும் அவரைக் கைவிடவில்லை. சொன்ன நேரத்துக்கு வராத விருந்தாளியை, வாக்குத் தவறுகிற எழுத்தாளரை, பத்தொன்பது வருஷம் தங்கள் வீட்டு மேசையில் உட்காரவைத்தார்கள். அவர்களுடைய மகன் ஒருவனுக்கு அவர் ஞானத்தகப்பன். 1907 நவம்பர் 13-ம் தேதி விடியற்காலையில், லண்டனில் கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரியில், தமது 47-வது வயதில் அவர் மரித்தார். கென்சல் கிரீன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய எழுத்துக்களைச் சேகரித்து, 1913-ல் மூன்று பாகங்களாக வெளியிட்டவரும் மெய்னெலே.