காமாவின் பஸ்கி

அறுகம்பேயில் சிலம்படி பழக வரும் இளைஞர்க்கு நான் முதலிற் கற்பிப்பது காலடி. பத்து நாள் அதனையே செய்வித்தால், பதினோராம் நாள் பாதிப்பேர் வருவதில்லை. கம்பு சுழலாத சிலம்பமும் ஒரு சிலம்பமா என்பது அவர்தம் எண்ணம். எஞ்சியோர்க்கு நான் எடுத்துரைப்பது காமா பயில்வானின் வரலாறு.

1878இல் பஞ்சாபில், காஷ்மீர வழிவந்த மல்லர் குடியிற் பிறந்தவர் குலாம் முஹம்மது. காமா என்பது உலகம் அறிந்த பெயர். தந்தையைச் சிறு பிராயத்திலேயே இழந்தார். அவருக்கு முதற்புகழ் கிட்டியது எவரையும் வீழ்த்தியதனால் அன்று. பத்து வயதளவில் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில், 400க்கு மேற்பட்ட மல்லர் நடுவே இறுதிவரை நின்ற பதினைவருள் இச்சிறுவனும் ஒருவன். மகாராஜா அவனையே வெற்றியாளன் என்றார். உட்கார்ந்து எழுவதற்கு ஒரு பரிசு!

வளர்ந்த பின்னரும் அவர் அதனைக் கைவிட்டாரில்லை. நாளொன்றுக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால் என்பர். தொகையிற் சிறிது மிகை இருக்கலாம், பயிற்சி பொய்யன்று.

அதன் பயனை 1910இல் இலண்டன் கண்டது. 5 அடி 7 அங்குல அளவினரான அவரைக் குள்ளர் என்று போட்டியிற் சேர்க்க மறுத்தனர். அவர் அறைகூவல் விடுத்து, அமெரிக்கரான ரோலரை வென்றார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஷ்கோ எதிர்நின்றார். நின்றார் என்பதும் பிழை. பெரும்பொழுதும் விரிப்பைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். மலைபோற் கிடப்பவனைப் புரட்டுவது எத்துணைக் கடினம் என்பதைக் கோதாவில் இறங்கியவரே அறிவர். கிடப்பவனுக்குக் களைப்பில்லை, புரட்ட முயல்பவனுக்கே மூச்சு வாங்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா ஓயாது தாக்கினார். அத்தனை பொழுதும் அவரைத் தாங்கியவை தொடையும் மூச்சுமே என்பது என் துணிபு. அவை பஸ்கி தந்தவை. முடிவு சமநிலை. 17ஆம் நாள் மறுபோட்டிக்கு ஸ்பிஷ்கோ வரவேயில்லை, பட்டம் காமாவுக்காயிற்று.

1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதனர். காமாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு நிமிடம் நிறையுமுன்னரே ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது. பிற்காலத்தில் நோயுற்ற காமா, 1960 மே 23ஆம் நாள் லாகூரிற் காலமானார்.