கலூகா நகரத்து உபாத்தியாயர்

ருஷிய தேசத்திலே, மொஸ்கோ மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில், ஓக்கா நதிக்கரையில் கலூகா என்னும் நகரம் உளது. அந்நகரத்துப் பாடசாலைகளிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்துக் காலங்கழித்த ஓர் உபாத்தியாயரே, மனிதன் பூமியை நீங்கி வானவெளியிற் செல்லுதற்குரிய வழியை முதன்முதலிற் கணக்கிட்டுக் காட்டியவராவர். கொன்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி என்பது அவர் பெயர். நம் கல்லூரி மாணவரிடம் விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ககாரின் பெயரும் ஆம்ஸ்ரோங் பெயரும் உடனே வருகின்றன. ஏறிச் சென்றாரை அறிந்த சிறுவர் ஏணி செய்தாரையும் அறிதல் வேண்டும் என்னும் விருப்பினால் இவ்வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

அவர் 1857ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆந் திகதி றியாசான் மாகாணத்து இஷெவ்ஸ்கோயே என்னுங் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் வனப்பகுதி உத்தியோகத்தர். பிள்ளைகள் பலர், செல்வம் மிகுந்த குடும்பமன்று. எட்டு வயதளவில் தாயார் அவர் கையில் ஐதரசன் வாயு நிரப்பிய சிறு பலூன் ஒன்றைக் கொடுத்தார். சிறுவர் அதனை நூலிற் கட்டி வீடெங்கும் முற்றமெங்கும் இழுத்துத் திரிந்தார். பிற்காலத்து ஆகாயக் கப்பல்களைப் பற்றி அவர் எழுதிக் குவித்தவற்றுக்கெல்லாம் அப்பலூனே வித்தாயிற்று எனலாம்.

பத்து வயதளவிற் கொடிய தொற்றுக்காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றியது. உயிர் தப்பியது, செவிப்புலன் பெரும்பாலும் போயிற்று. 1870இல், அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்புமுன், தாயாரும் இறந்தார். வகுப்பில் ஆசிரியர் கூறுவது கேளாமையாற் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. விளையாட்டுத் தோழர் விலகினர். எஞ்சியவை தந்தையாரின் சில புத்தகங்களே.

அப்புத்தகங்களுள் ஒன்றிலே, தூரத்திலுள்ள பொருளை அணுகாமலே அதன் தூரத்தை அளக்கும் முறை கூறப்பட்டிருந்தது. ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் பொருளை நோக்குங் கோணங்களைக் குறித்து, அதே கோணங்களையுடைய சிறு முக்கோணத்தைக் கடதாசியில் வரைந்தால் விடை கிடைக்கும். சிறுவர் கோணமளக்குங் கருவியொன்றைத் தாமே செய்துகொண்டு, வீட்டுச் சாளரத்தினூடே தெரிந்த தீயணைப்புக் காவற்கோபுரத்தை நோக்கிக் கணக்கிட்டார். 400 அர்ஷின் என வந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 310 யார். பின்னர் வெளியே சென்று தரையில் அளந்து பார்த்தார். கணக்குச் சரியாகவே இருந்தது. அன்று தொட்டுக் கணிதத்தின்மீது அவர்க்குண்டான நம்பிக்கை இறுதிவரை தளரவில்லை. கோபுரத்துக்குப் போகாமலே அதன் தூரத்தை அறியலாமாயின், சந்திரனுக்குப் போகாமலே அங்கே போகும் வழியையும் அறியலாமன்றோ?

1873இல், பதினாறு வயதில், தந்தையார் அவரை மொஸ்கோவுக்கு அனுப்பினார். அங்கே எக்கல்லூரியிலும் அவர் சேர்ந்தாரல்லர். நாள்தோறும் பொது நூலகத்துக்குச் சென்று, கணிதம், பௌதிகம், இரசாயனம், வானசாத்திரம் ஆகியவற்றைத் தாமே கற்றார். அங்கு நூலகராயிருந்த நிக்கொலாய் பியோதரோவ் என்னும் அறிஞர் அவர்க்கு நூல்கள் தந்துதவினார். மாதந்தோறும் தந்தையார் அனுப்பிய 10, 15 றூபிள்களிற் பெரும்பகுதி நூல்களுக்கும் இரசாயனப் பொருள்களுக்குமே சென்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை 9 கொப்பெக்குக்குக் கறுப்பு ரொட்டி வாங்கி உண்டு, மாதம் 90 கொப்பெக்குச் செலவில் உயிர் வாழ்ந்தார். இதனை நம் மாணவர் பின்பற்ற வேண்டுமென நாம் கூறவில்லை. பசித்த வயிறு நெடுநாட் படிக்கவிடாது. தந்தையாரும் செய்தியறிந்து மகனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

மொஸ்கோவிலிருந்த காலத்தில் ஒரு நாள், சுழற்சியினால் உண்டாகும் விசையைக்கொண்டு வானில் எழும் பொறியொன்று அவர் உள்ளத்தில் தோன்றியது. மகிழ்ச்சி மேலிட்டு இரவெல்லாம் நகர வீதிகளில் அலைந்தார். விடியுமுன்னே, அப்பொறி நின்ற இடத்தில் நின்று நடுங்குமேயன்றி ஓரங்குலமும் மேலெழாது என்பதைத் தாமே கண்டுகொண்டார். தம் கனவைத் தாமே கணக்கால் அழிக்கும் இவ்வாற்றலே அவரை வெறுங் கனவுகாண்பாரினின்றும் வேறாக்கியது என்பது எம் கருத்து.

1879இல் உபாத்தியாயர் பரீட்சையிற் சித்தியெய்தி, அடுத்த ஆண்டு பொரோவ்ஸ்க் என்னுஞ் சிற்றூரில் எண்கணிதமுங் கேத்திரகணிதமுங் கற்பிக்க நியமனம் பெற்றார். பன்னிரண்டாண்டுகள் அங்கேயும், 1892 முதல் கலூகாவிலும் கற்பித்தார். வகுப்பில் அவர் செய்து காட்டியவற்றைச் சிறுவர் வாழ்நாளெல்லாம் மறந்திரார். கடதாசியாற் பெரும் பலூன் செய்து, அடியில் விறகுச் சிராய்களை எரித்து, சூடேறிய காற்றினால் அதனை மேலெழச் செய்வார். நூலைப் பிடிக்கும் பேறு மாணவருக்கு. ஒருமுறை நூல் எரிந்து அறுந்துபோகப் பலூன் தீப்பொறி சிந்திக்கொண்டே ஊருக்குள் பறந்து, ஒரு சப்பாத்துத் தைப்பவரின் கூரையில் இறங்கிற்று. அவர் சினந்து பலூனைச் சிறைப்படுத்திவிட்டார்!

தனித்திருந்து ஆராய்வோர்க்கு நேரும் துன்பம் அவர்க்கும் நேர்ந்தது. வாயுக்களின் இயக்கத்தைப் பற்றித் தாமே கண்ட கொள்கையைத் தலைநகரத்து விஞ்ஞான சங்கத்துக்கு அனுப்பினார். அது ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே பிறராற் கண்டுபிடிக்கப்பட்டதென மறுமொழி வந்தது. 1887இல் வீடு தீப்பற்றி நூல்களும் குறிப்புகளும் அழிந்தன. 1902இல், மொஸ்கோவிற் கற்றுக்கொண்டிருந்த மகன் இக்னாத்தி தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான். அத்துயரம் ஆறுமுன்னரே, 1903ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர் பெயரை நிலைநாட்டிய கட்டுரை விஞ்ஞான சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. சில வாரங்களுள் அச்சஞ்சிகையின் ஆசிரியர் இறந்தார், சஞ்சிகையும் நின்றது. கட்டுரையின் எஞ்சிய பகுதி அச்சேற 1911 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கட்டுரை கூறியது யாது? காற்றில்லா வெளியிற் பறவையின் சிறகும் விமானத்தின் சுழலியும் பயனில. பீரங்கியால் எறியலாமெனின், உள்ளிருப்போர் அக்கணமே நசுங்கி இறப்பர். இனி, துடுப்பில்லாத தோணியொன்றில் ஒருவன் கற்களுடன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கல்லையும் அவன் பின்புறம் வீசியெறிய, தோணி சிறிது சிறிதாக முன்னே நகரும். தள்ளுவதற்கு வெளியே எதுவும் வேண்டியதில்லை. எறியப்பட்ட கல்லே தள்ளுகின்றது. ஏவுகணை அத்தகைய தோணி. கற்களுக்குப் பதிலாக எரிந்த வாயு. திரவ ஐதரசனையும் திரவ ஒட்சிசனையும் எரிபொருளாகக் கொள்ளலாமென அவர் அக்காலத்திலேயே எழுதினார். 1969இல் மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற சற்றேண் ஏவுகணையின் மேலடுக்குகளில் எரிந்தவை அவ்விரண்டுமே.

ஆயினும், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதே பெரிய வினா. வாயு செக்கனுக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். பூமியைச் சுற்றிவரச் செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகம் வேண்டும். வளியின் தடையையும் புவியீர்ப்பினால் வரும் இழப்பையும் ஒதுக்கிவிட்டாலும், அவ்வேகம் பெறுதற்குப் புறப்படும்போதுள்ள நிறை, எரிபொருள் தீர்ந்தபின் உள்ள நிறையைப் போல் 7.4 மடங்கு இருத்தல் வேண்டும். 12 கிலோமீற்றர் வேகத்துக்கு 20 மடங்கு. 16 கிலோமீற்றருக்கு 55 மடங்கு. வேகம் கூட்டல் முறையில் ஏற, சுமை பெருக்கல் முறையில் ஏறுகின்றது. மடக்கை கற்ற மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். இன்றும் எந்நாட்டு ஏவுகணையும் இக்கணக்குக்குத் தப்புவதில்லை. இவ்விடரைக் குறைக்க, ஒன்று தீர்ந்ததும் கழன்று விழும் பல அடுக்குகளையுடைய ஏவுகணைத் தொடரை 1929இல் விரித்துரைத்தார்.

சிறுவர்க்கெனவும் பொதுமக்கட்கெனவும் அவர் கதைகள் எழுதினார். 1893இல் வெளிவந்த சந்திரனில் என்னுங் கதையிலே, உடல் ஆறிலொரு பங்கு நிறையுடையதாகி மனிதர் துள்ளிப் பாய்கின்றனர், பகலிலும் வானம் கறுத்து நட்சத்திரங்கள் தெரிகின்றன, ஓசை எதுவுமில்லை. பூமிக்கு வெளியே என்னுங் கதை 2017ஆம் ஆண்டில் நடப்பதாகவும், பல தேசத்து அறிஞர் இமயமலைச் சாரலிலுள்ள மாளிகையொன்றிற் கூடி ஏவுகணை செய்வதாகவும் அமைந்தது. வானவெளியில் அணியும் உடை, மனிதரைக் கலத்தோடு பிணைக்குங் கயிறு, பயிர் வளர்க்குங் கண்ணாடி வீடு ஆகியன அதிலே உள. மனித இனத்தைத் திருத்தியமைப்பது பற்றி அவர் எழுதிய தத்துவச் சிறுநூல்களிற் சில கருத்துக்கள் நமக்கு உடன்பாடல்ல; அதனையும் மறைப்பது முறையன்று.

1923ஆம் ஆண்டில், கருங்கடற்கரை நகரமாகிய ஒடெஸாவிலிருந்து பதினைந்து வயது மாணவன் ஒருவன் அவர்க்குக் கடிதம் எழுதினான். வானவெளிப் பயணத்தைப் பற்றிய அவர் நூல்களை வேண்டியும் ஐயங்களை வினவியும் எழுதிய கடிதம் அது. முதுமையும் வறுமையும் செவிட்டுத்தன்மையும் ஒருங்கு வருத்திய காலத்திலும் கிழவர் மறுமொழி எழுதினார், நூல்களும் அனுப்பினார். அக்கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அம்மாணவன் பெயர் வலந்தீன் குளுஷ்கோ. 1957 ஒக்டோபர் 4ஆந் திகதி முதலாவது செயற்கைத் துணைக்கோளையும், 1961 ஏப்ரில் 12ஆந் திகதி யூரி ககாரினையும் மேலே செலுத்திய ஏவுகணைகளின் எஞ்சின்களை வகுத்தவர் அவரே. ககாரின் அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கைக்கும் வந்து சென்றார்.

உபாத்தியாயர் அவ்விரு நாள்களையும் காணவில்லை. 1935 செப்டெம்பர் 19ஆந் திகதி, எழுபத்தெட்டாம் வயதில், கலூகாவிலேயே இறந்தார். சந்திரப் பயணத்தைப் பற்றிய திரைப்படமொன்றுக்காகக் கலத்தினுள் மனிதர் நிறையின்றி மிதக்குங் காட்சிகளைத் தம் கையால் வரைந்து கொடுத்திருந்தார். அப்படம் 1936இலேதான் திரைக்கு வந்தது. சந்திரனின் மறுபுறத்தை 1959இல் முதன்முறையாகப் படம்பிடித்தபோது கண்ட பெருங்குழியொன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது.

கலூகாவில் அவர் வாழ்ந்த மரவீடு இப்பொழுது நூதனசாலையாக உளது. பிறர் பேச்சைக் கேட்பதற்காகத் தகரத்தால் அவரே செய்துகொண்ட நீண்ட செவிக்குழல்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. அவரது வேலையறையிலிருந்து கூரைமேல் இறங்குதற்கு ஒரு சிறு கதவு உண்டு. வானவெளிக்குச் செல்லும் வாயில் என அதற்கு அவர் விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார்.