முயல்களிடம் பாடங்கேட்ட வைத்தியர்

உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் கரும்பலகையிற் சூலகத்தின் படத்தை வரைந்து, அதன் ஓரத்திலே கிராபியன் புடைப்பு என்று பெயர் குறித்திருப்பர். நானும் பல்லாண்டு அவ்வாறு குறித்தவன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, அந்தக் கிராப் என்பவர் யார் என்று வினவினாள். என்னிடம் விடை இருக்கவில்லை. பெயரை மனனஞ் செய்வித்துப் பெயருக்குரியவரை மறந்துவிட்டேனே என்ற நாணம் என்னை வாட்டியது. அந்நாணத்தின் பயனே இக்கட்டுரை.

றெய்னியர் டி கிராப் 1641ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் ஒல்லாந்து தேசத்தின் ஸ்கூன்ஹோவன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உத்திரெக்ட், லெய்டன் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். லெய்டனிலே சில்வியஸ் என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். சுவாமர்டாம், ஸ்டெனோ என்னும் இருவரும் அங்கே அவரோடு பயின்றவர்கள். மாணவராய் இருக்கும்போதே, உயிருள்ள நாயின் சதையியினின்று இறகுத்தண்டின் வழியாகச் சாற்றைச் சேகரித்து, 1664இல் அதுபற்றி நூல் எழுதினார். 1665இற் பிரான்சு தேசத்திலே வைத்தியப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டு, டெல்ப்ற் நகரில் வைத்தியத் தொழிலை மேற்கொண்டார். அவர் கத்தோலிக்கர்; நாடோ புரட்டஸ்தாந்தருடையது. ஆகவே பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு எட்டாக் கனியாயிற்று. நோயாளரைப் பார்த்து எஞ்சிய நேரமே அவருடைய ஆராய்ச்சி நேரம்.

டெல்ப்ற் என்ற பெயர் நமக்கு அந்நியமானதன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது நெடுந்தீவுக்கு இட்ட பெயர் அந்நகரின் பெயரே.

பெண்ணுடலிலுள்ள சூலகத்தை அக்காலத்து அறிஞர் பெண்ணின் விதை என்றே அழைத்து வந்தனர். அதன் தொழில் யாதென்பது தெளிவாகவில்லை. இரத்தச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த ஹார்வியே மான்களை அறுத்து ஆராய்ந்து, கருவுண்டாவதிற் சூலகத்துக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டியிருந்தார். டி கிராப் நூல்களோடு நின்றுவிடாமல் முயல்களை நாடினார். பெண் முயல்களை ஆண் முயல்களோடு சேர விட்டு, அரை மணி நேரம், ஆறு மணி நேரம், ஒரு நாள், இரு நாள், மூன்று நாள் எனக் காலத்தை அளந்து அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து நோக்கினார். முதலிற் சூலகத்துப் புடைப்புக்கள் சிவந்து பருத்தன; பின்பு வெறுமையாகிச் சிறு கோளங்களாக மாறின. மூன்றாம் நாளிலே, சூலகத்திலிருந்து கருப்பைக்குச் செல்லும் குழாயிலும் கருப்பையிலும் மிகச் சிறிய முட்டைகள் காணப்பட்டன. சூலகத்திலுள்ள கோளங்களின் தொகையை அவர் எண்ணினார். முட்டைகளின் தொகையையும் எண்ணினார். இரண்டும் ஒத்திருந்தன.

அவர் முயலைத் தெரிந்தது நற்பேறாயிற்று. பல விலங்குகளிற் சூல் தன் பருவத்தில் தானே வெளிப்படும். முயலிலோ சேர்க்கையின் பின்னரே, ஏறத்தாழப் பத்து மணி நேரத்தில், மூளையடிச் சுரப்பியின் ஓமோன் தூண்ட வெளிப்படும். ஆகவே அவருடைய கால அளவு பிழைக்கவில்லை. ஓமோன் என்ற சொல்லே பிறவாத காலம் அது.

இந்த ஆராய்ச்சியை அடக்கிய நூல் 1672இல் வெளிவந்தது. அதிலே ஒரு பிழையும் உண்டு. புடைப்பையே அவர் முட்டையென்று கருதினார். ஆயினும் குழாயிற் கண்ட முட்டை புடைப்பினும் மிகச் சிறியதாயிருந்தது. தம் கொள்கைக்கு இடைஞ்சலான இவ்வுண்மையை அவர் மறைத்தாரல்லர். புடைப்பினுள் முட்டையன்றி வேறு பொருளும் உண்டு, அதுவே பின்னர் கோளமாகிறது என்று விளக்கம் கூறினார். அவர் உண்மையின் வாயிலை நெருங்கிவிட்டார் என்பது 1827இல் வொன் பேயர் நாயின் சூலகப் புடைப்பினுள்ளே உண்மைச் சூலைக் கண்டபோது விளங்கிற்று.

நூல் வெளிவந்ததும் உடன்பயின்ற சுவாமர்டாம், இக்கண்டுபிடிப்பு டி கிராப்பினுடையதன்று என வழக்கெழுப்பினார். வழக்கு இலண்டன் வேத்தியற் கழகம் வரை சென்றது. அவ்வேளையிலே டி கிராப்பின் கைக்குழந்தையும் இறந்தது. மனமுடைந்து கிடக்கவேண்டிய அந்த 1673ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் செய்த காரியம் என்னை வியப்பில் ஆழ்த்துகின்றது. தம் நகரத்தில் துணி வணிகஞ் செய்தவரும் பல்கலைக்கழகத்தை மிதியாதவருமான லீவன்ஹூக் என்பவர் அரிய நுணுக்குக்காட்டிகளை ஆக்குகின்றார் என்று அதே கழகத்துக்குக் கடிதம் எழுதி அறிமுகஞ் செய்தார். தம் பெயருக்காகப் போராடியவர் பிறர் பெயரையும் உயர்த்தினார். அவ்வாண்டு ஆகஸ்டிலே, முப்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார். பின்னர் கழகம் முதன்மையை ஸ்டெனோவுக்கே அளித்தது. எனினும் புடைப்புக்கு டி கிராப்பின் பெயரே நிலைத்தது.

அவர் எண்ணிய கோளங்களே இன்று நாம் மஞ்சட் சடலம் என்பவை. 1903இல் பிராங்கெல் முயல்களில் அவற்றை அழித்தபோது கருவும் அழிந்தது. 1929இல் கோர்னரும் அலனும் சூலகம் நீக்கிய முயல்களுக்கு மஞ்சட் சடலத்தின் சாற்றைச் செலுத்திக் கருவைக் காத்தனர். 1934இல் அதன் ஓமோனாகிய புரோகெஸ்தரோன் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதனைப் போன்ற செயற்கைச் சேர்வைகள் பின்னாளிற் கருத்தடை மாத்திரைகளாயின. இவை யாவற்றுக்கும் முன்னே, சூலகத்துக் கோளங்களை எண்ணிக்கொண்டிருந்தவர் டெல்ப்ற் வைத்தியர்.

அம்மாணவிக்கு மறுவாரமே விடை கூறினேன். இப்போதும் அப்படத்தை வரையும்போது, பெயரோடு 1641–1673 என்ற ஆண்டுகளையும் எழுதுகிறேன். அவற்றின் இடைவெளியை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்த்து, சிறிது நேரம் மௌனமாகின்றனர்.